நாற்காலியில் இன்ஸ்பெக்டர்

பல் டாக்டரம்மாவின் கிளினிக்கில் திருடன் புகுந்துவிட்டான் என்று தகவல் வந்தபோது படக்காரி அப்போதுதான் டீயை வாயருகே கொண்டு போயிருந்தாள். டம்ளரை அப்படியே மேசையில் வைத்துவிட்டு, கேமராப் பையைத் தோளில் மாட்டி, ஸ்டாண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். குற்றம் நடந்த இடத்தை யாரும் கை வைக்குமுன் படமெடுத்துப் பதிந்து வைப்பது அவள் வேலை. பக்கத்து சீட்டில் கைரேகைக்காரர் உட்கார்ந்திருந்தார். மடியில் கறுப்புப் பொடி டப்பா, சட்டைப்பையில் பிரஷ். பொடி படாத சட்டை அவரிடம் ஒன்றுகூடக் கிடையாது என்பதால் ஸ்டேஷனில் அவருக்குப் பவுடர் என்று பெயர்.

முன்சீட்டில் இன்ஸ்பெக்டர் வலது கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு, கடன்பட்டவர் போல முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார், தூக்கமில்லையா?" என்று பவுடர் கேட்டார்.

"பல்லு."

"பல் டாக்டர்கிட்டதான சார் போறோம். அப்படியே காட்டிடுங்க."

"வேலைக்குப் போறோம்யா. வாய மூடிட்டு வா."

"எனக்கு மூடினா வலிக்காது சார். உங்களுக்குத்தான்."

டிரைவர் சிரிப்பை அடக்க முடியாமல் தேவையில்லாமல் ஹாரன் அடித்தான். படக்காரி மட்டும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கும் நிலையில் அவள் இல்லை. இன்ஸ்பெக்டரின் மேசைமேல், கண்ணாடிக் குண்டின் அடியில், அவளுடைய மதிப்பீட்டுத் தாள் கிடந்தது. அதில் அவர் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் அவள் நிரந்தரம். போடாவிட்டால் மறுபடியும் ஒப்பந்தம், மறுபடியும் வருடக் கடைசியில் அடுத்த தாளுக்காகக் காத்து நிற்பது.

அவள் அப்பா கிடங்கில் மூட்டை தூக்கியவர். ஒருநாள் பலகையில் கால் சறுக்கி மூட்டையோடு விழுந்தார். அவரைத் தூக்குவதற்கு முன்னால் மூட்டையைத் தூக்கினார்கள். அன்று மதியத்தோடு கூலி நின்றது. அரைநாள் வேலைக்கு அரைநாள் கூலி, அவ்வளவுதான். முதுகு அதற்குப் பிறகு நிமிரவில்லை. அம்மா செங்கல் சுமந்தாள், பிறகு படக்காரியும் பள்ளிக்கூடம் விட்டு வந்த கையோடு சுமந்தாள். விழுந்து கிடந்தாலும் சம்பளம் வருகிற வேலை என்று ஒன்று உலகத்தில் இருப்பது அவளுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். தெரிந்த நாளிலிருந்து அதைத் தவிர வேறெதுவும் அவள் கேட்கவில்லை.

கிளினிக் ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளம். முன்னால் காத்திருக்கும் அறை, அதற்குப் பின்னால் வைத்தியம் பார்க்கும் அறை, அதற்குள்ளிருந்தே இன்னொரு கதவு வழியாக டாக்டரம்மாவின் சின்ன அறை. திருடன் பின்பக்க ஜன்னல் கம்பியை வளைத்து இறங்கியிருந்தான். இழுப்பறைகள் வாயைப் பிளந்து தொங்கின. பல்லை எக்ஸ்ரே எடுக்கும் கைமெஷின் போய்விட்டது. நீல விளக்கு போட்டுப் பல்லை அடைக்கும் கருவியும் போய்விட்டது. செடிக்குத் தண்ணீர் விட்ட ஈர மண்ணை மிதித்துக்கொண்டு வந்தவன், ஜன்னலுக்குக் கீழே வெள்ளைத் தரையில் ஒரு ஷூத் தடத்தை, அச்சடித்தது போல, விட்டுப் போயிருந்தான்.

"ராஜா மாதிரி இருக்குடா" என்று படக்காரி அந்தத் தடத்தைப் பார்த்து முணுமுணுத்தாள். யாராவது மிதித்துத் தொலைப்பதற்குள் முதலில் அதை எடுத்தாள். தரையோடு தரையாக டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் மண்ணின் மேடு பள்ளம் எல்லாம் எழுந்து நிற்கும். கேமராவை நேர் மேலே நிறுத்தி, அளவுகோல் இல்லாமல் ஒன்று, அளவுகோல் வைத்து ஒன்று. வெறுமனே எடுக்காமல் அளவுகோலோடு மட்டும் எடுத்தால், கோலுக்கு அடியில் எதை மறைத்தாய் என்று வக்கீல் கேட்பான். கேட்டிருக்கிறான்.

தடம், ஜன்னல், கம்பி, இழுப்பறைகள் எல்லாம் முடிந்ததும் அறையை நாலு மூலையிலிருந்தும் எடுக்க வேண்டும். மூன்று மூலை சுலபமாக முடிந்தது. நாலாவது மூலையில் கருவிகளைக் கிருமி சாக வேகவைக்கும் அலமாரி நின்றது. அங்கே ஆள் நிற்க இடமில்லை. ஆகவே அலமாரி உச்சியில் கேமராவை ஏற்றி, மொத்த அறையும் விழும்படி வைத்து, அவள் முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கையில் ரிமோட், அதற்குப் பேட்டரி மாற்றிப் போடக் கொஞ்ச நேரம் பிடித்தது. இந்த மாதிரிப் படத்தில் ஆள் நிழல்கூட விழக் கூடாது. எடுக்கிறவளும் அதற்கு விலக்கில்லை.

"எடுக்கறேன். உள்ள யாராவது இருந்தா குரல் குடுங்க" என்று சத்தம் போட்டாள். இது அவள் எப்போதும் செய்வது. ஸ்டேஷனில் எல்லாருக்கும் பழக்கம். குரல் வந்தால் நிறுத்துவாள், வராவிட்டால் அமுக்குவாள்.

குரல் வரவில்லை. அமுக்கினாள். கதவிடுக்கில் பளிச்சென்று வெளிச்சம் தெரிந்தது.

அதைத் தொடர்ந்து உள்ளிருந்து, தண்ணீரில் முங்கியவன் கத்துவது போல ஒரு சத்தம்.

கதவைத் திறந்தாள். வைத்தியம் பார்க்கும் நாற்காலியில் இன்ஸ்பெக்டர் மல்லாந்து கிடந்தார். கழுத்தில் நீலக் காகிதம் கட்டியிருந்தது. தொப்பி வயிற்றின்மேல். வாய் குகை மாதிரி திறந்திருக்க, அதற்குள் டாக்டரம்மா ஒரு கையில் சின்னக் கண்ணாடியும் இன்னொரு கையில் இடுக்கியும் விட்டு நின்றிருந்தார். உள்ளறைக் கதவு திறந்து கிடந்தது. அவள் பேட்டரி மாற்றிய நேரத்தில் இருவரும் அந்த வழியாகத்தான் வந்திருந்தார்கள்.

"நான் குரல் குடுக்கச் சொன்னேனே சார்."

டாக்டரம்மா கையை வெளியே எடுத்தார். "பாவம், எப்படிக் குடுப்பாரு. நாக்கை நான்தான் அமுக்கிப் பிடிச்சிருந்தேன்."

"கேட்டுச்சு" என்றார் இன்ஸ்பெக்டர், எச்சிலை விழுங்கிக்கொண்டு. "நல்லாவே கேட்டுச்சு."

டாக்டரம்மா கொஞ்சம் அசடு வழிந்தார். "என் மேலதாம்மா தப்பு. காலையிலேர்ந்து கடையைப் பறிகொடுத்தவ மாதிரி சும்மா நிக்கிறேன். இவர் கன்னத்தைப் பிடிச்சிட்டு வந்தாரு. கை தன்னால வேலைக்குப் போயிடுச்சு."

வெளியே ஜன்னலில் பொடி போட்டுக்கொண்டிருந்த பவுடர் கம்பி வழியாக எட்டிப் பார்த்தார். பார்த்தவர் தலையை வெளியே இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் அவருடைய தோள்கள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தன.

இன்ஸ்பெக்டர் எழுந்து தொப்பியை வைத்துக்கொண்டார். கழுத்துக் காகிதத்தை அவிழ்க்க மறந்துவிட்டார். அதோடேயே முறைத்தார்.

"அதை அழிச்சிடு."

"முடியாது சார்."

"என்ன முடியாது? ஒரு பட்டன்தான?"

"பட்டன் ஒண்ணுதான் சார். ஆனா கேமரா ஒவ்வொரு படத்துக்கும் தானா நம்பர் போடுது. இதை எடுத்தா நடுவுல ஒரு நம்பர் ஓட்டையாயிடும். ஓட்டை இருந்தா மொத்தப் படமும் சந்தேகம்பான் வக்கீல். ஷூத் தடமும் சேந்து போயிடும். டாக்டரம்மா சாயங்காலம் தரையைக் கழுவிடுவாங்க, அப்புறம் தடத்துக்கு எங்க போறது?"

"மங்கலா விழுந்திருக்கும், பாரு."

அவள் அலமாரியிலிருந்து கேமராவை இறக்கிப் பார்த்தாள். வேண்டும் என்று எடுத்தால்கூட அவ்வளவு தெளிவாக எடுக்க முடியாது. அவருடைய கடைவாய்ப்பல்லின் ஓட்டைவரைக்கும் விழுந்திருந்தது.

"கொஞ்சம் தெளிவாத்தான் சார் இருக்கு."

இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். "உன் தாள் என் மேசைல இருக்கு. ஞாபகம் இருக்கில்ல?"

இருந்தது. அது போதாதென்று அவர் சொன்னதில் இன்னும் ஆழமாக இறங்கியது. ஒரு நம்பர் அட்டையை எடுத்து நாற்காலியின் அருகில் வைத்தாள். இன்ஸ்பெக்டர் கை வைத்த பிடி, தலை வைத்த மெத்தை, தொப்பி தொட்ட இடம் எல்லாவற்றையும் தனித்தனியாக எடுத்தாள். குறிப்பில் 'படம் எடுக்கும்போது கலைந்தது' என்று எழுதினாள். பவுடரைக் கூப்பிட்டு, நாற்காலியில் பொடி போட வேண்டாம், அது இனிமேல் கணக்கில் சேராது என்றாள்.

"அதுல யார் கைரேகை கிடைக்கும்னு எனக்கே தெரியும் தங்கச்சி" என்றார் அவர்.

மதியம் ஆபீஸில் கேமரா கார்டிலிருந்த படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற உட்கார்ந்தபோது அப்பா போன் செய்தார். அவர் தினமும் இந்த நேரத்துக்குச் செய்வார். தினமும் ஒரே கேள்வி.

"ஆர்டர் வந்துச்சா பாப்பா?"

"வரலப்பா. வராதுபோல இருக்கு." நடந்ததைச் சொன்னாள்.

அப்பா இருமும்வரை சிரித்தார். முதுகு வலிக்கிறது என்று முனகிவிட்டு மறுபடியும் சிரித்தார். பிறகு, "அழிச்சிட்டு வா" என்றார்.

"என்னப்பா நீயே இப்படிச் சொல்ற?"

"வேற என்ன சொல்லணும்? நேர்மையா இரு, நியாயமா இருன்னா? அதெல்லாம் வயிறு ரொம்பினவன் சொல்லுவான். ஒரு கிழட்டு ஆள் வாயைத் திறந்துட்டுக் கிடந்தா நாட்டுக்கு என்ன நஷ்டம்? அழி. தாளை வாங்கு. என் முதுகுக்கு ஆஸ்பத்திரில ஒரு கட்டில் பிடி."

"அவருக்கு உன்னவிட வயசு கம்மிப்பா."

"அப்ப சின்னப் பையன். மன்னிச்சு விடு."

போனை வைத்தபிறகு அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா சொன்னதில் தப்பென்று எதுவும் இல்லை. படத்தைத் தேர்ந்தெடுத்தாள். விரல் அந்தப் பட்டன்மேல் போய் நின்றது. அறையில் வேறு யாரும் இல்லை. வக்கீல் முன்னால் கூண்டில் ஏறி நிற்கப்போவது யார் என்று யோசித்தாள். இன்ஸ்பெக்டர் இல்லை. அவள்தான். சத்தியம் வாங்கிக்கொண்டு, 'நடுவில் ஒரு நம்பர் எங்கேம்மா?' என்று கேட்பார்கள். சொன்னால் வேலை போகும். சொல்லாமல் பொய் சொன்னால் வேலையோடு மானமும் போகும். அதோடு, இந்தக் கேமராவைக் கையில் எடுத்த நாளிலிருந்து அவள் ஒரு படத்தைக்கூட அழித்ததில்லை. கை நடுங்கி எடுத்தது, கண் மூடியது, தன் கட்டைவிரலையே எடுத்தது எல்லாம் அதனதன் நம்பரில் பத்திரமாகக் கிடந்தன. அது அவளுக்கு ஒரு திமிர். கல்லும் மண்ணும் சுமந்த வீட்டில் பிறந்தவளுக்கு மிஞ்சியிருந்த ஒரே திமிர்.

விரலை எடுத்தாள். எல்லாப் படங்களையும் ஏற்றினாள். கார்டை உறையில் போட்டு அரக்கு வைத்து ஒட்டி, பவுடரைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னாள்.

அவர் போட்டுவிட்டு, "சார் என்னைத்தான் தூது அனுப்பினாரு" என்றார். "அழிச்சாளா இல்லையான்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு."

"இல்லைன்னு சொல்லிடுங்கண்ணே."

"நான் எதுக்கு வயித்தெரிச்சலைக் கொட்டிக்கணும்? பாத்துக்கலாம் சார், கவலைப்படாதீங்கன்னு சொல்லிடறேன். அவரு எப்படி எடுத்துக்குறாரோ எடுத்துக்கட்டும்."

இன்ஸ்பெக்டர் அதை, படம் ஒழிந்தது என்று எடுத்துக்கொண்டார். நிம்மதியில் மறுநாளே அதே டாக்டரம்மாவிடம் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டார். வீங்கிய கன்னத்தோடு வந்து, டீக்கடையில், மாடிப்படியில், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், "அந்தப் படம் போயே போச்சுய்யா" என்றார். தாளில் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. கேஸ் முடியட்டும், பார்ப்போம் என்றார். படக்காரி அவர் அறைக்குப் போகும்போதெல்லாம் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் அது கிடந்தது. அதன்மேல் டீ டம்ளர் வைத்த வட்டம் ஒன்று விழுந்திருந்தது. பிறகு இரண்டு.

திருடன் சீக்கிரமே அகப்பட்டான். எக்ஸ்ரே மெஷினை யாரிடம் விற்பது என்று தெரியாமல் அதை இன்னொரு பல் டாக்டரிடமே கொண்டு போயிருந்தான். அவர் டாக்டரம்மாவோடு ஒன்றாகப் படித்தவர். கதையைக் கேட்டிருந்தவர், அவனை உட்காரவைத்துப் பேசிக்கொண்டே ஸ்டேஷனுக்குப் போன் போட்டுவிட்டார். மெஷினைக் குப்பைத்தொட்டியில் கண்டெடுத்தேன் என்று அவன் சாதித்தான். அவன் காலில் இருந்த ஷூவும் தரைத் தடமும் ஒன்றுதானா என்பதில்தான் கேஸ் நின்றது. அதாவது, படக்காரியின் படங்களில்.

கோர்ட்டில் திருடனின் வக்கீல் நன்றாக இஸ்திரி போட்ட கோட்டோடு, சாப்பாட்டுப் பந்திக்கு வந்தவர் போன்ற முகத்தோடு எழுந்தார். டீக்கடைப் பேச்சு அவர் காதுக்கும் போயிருந்தது. அரசு வக்கீல் கொடுத்த அச்சுப் படக் கட்டில், வழக்குக்கு வேண்டியவை மட்டும் இருந்தன. நடுவில் ஒரு நம்பர் இல்லை. போதாதா அவருக்கு?

"நீங்க எடுத்த எல்லாப் படமும் இங்க இருக்காம்மா?"

"இங்க அச்சுல இல்லீங்க. கார்டுல எல்லாம் இருக்கு."

"எல்லாம்னா எல்லாமா?"

"எல்லாமும்தான்."

"இருபத்தி மூணாம் படம்?"

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் லேசாகச் சிரித்தார். இல்லாத படத்தை எப்படிக் காட்டுவாள், கணினிக் கோளாறு என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள் என்று நினைத்திருப்பார். பவுடர் அவர் பக்கத்திலிருந்து மெதுவாக எழுந்து இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

"அதுவும் இருக்குங்க" என்றாள் படக்காரி.

வக்கீலுக்குச் சுருதி கொஞ்சம் இறங்கியது. இருந்தாலும் விடவில்லை. "ஐயா, அந்தப் படம் அழிக்கப்பட்டதுன்னு எங்களுக்கு நம்பகமான தகவல். அரக்கை உடைச்சுத் திரையில போடச் சொல்லணும்."

நீதிபதி தலையசைத்தார். உறை பிரிக்கப்பட்டது. சுவரில் ஒவ்வொன்றாக வந்தன. தடம், அளவுகோலோடு தடம், ஜன்னல், கம்பி, இழுப்பறைகள், ஒரு மூலை, இரண்டாம் மூலை, மூன்றாம் மூலை. அதன்பிறகு மொத்த அறையும், அதன் நட்டநடுவில் இன்ஸ்பெக்டரின் வாயும்.

முதலில் யாருக்கும் அது என்னவென்று விளங்கவில்லை. விளங்கியதும் முன்வரிசையில் ஒரு குமாஸ்தா கர்ச்சீப்பை வாயில் அடைத்துக்கொண்டார். கூண்டில் நின்ற திருடனே சிரித்துவிட்டான். காவலர் அவனை அதட்டினார், தானும் சிரித்துக்கொண்டே.

நீதிபதி மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார். "இது யாரும்மா?"

"எங்க இன்ஸ்பெக்டர் ஐயாங்க."

"எப்படி அடையாளம் தெரியுது?"

"மீசையை வச்சுங்க. மத்தபடி இந்தக் கோணத்துல நானும் முன்ன பாத்ததில்ல."

"அவர் வந்திருக்காரா?"

இன்ஸ்பெக்டர் எழுந்தார். காது மடல்கூடச் சிவந்திருந்தது.

"பல் என்னாச்சு?"

"பிடுங்கியாச்சுங்க."

"நல்லது. உக்காருங்க."

வக்கீலுக்குக் கையில் இருந்தது நழுவிவிட்டது. வேறொன்றைப் பிடித்துப் பார்த்தார். "ஐயா, குற்றம் நடந்த இடத்துல போலீஸ்காரரே படுத்திருக்கார். இடமே கலைஞ்சு போச்சு. எதை நம்பறது?"

"நாற்காலியை நம்ப வேண்டாம்னு நாங்களே எழுதியிருக்கோம்" என்றாள் படக்காரி. "அடுத்த படங்களைப் பாருங்க. அவர் தொட்ட இடம் ஒவ்வொண்ணுக்கும் அட்டை வச்சிருக்கேன். ஷூத் தடம் அதுக்கு முன்னாடியே எடுத்தது. நம்பரைப் பாத்தா தெரியும். இந்தப் படத்துலயே, ஜன்னல்கிட்ட, தடம் அப்படியே இருக்கு. அவர் அந்தப் பக்கமே போகல."

எல்லாரும் பார்த்தார்கள். வாயிலிருந்து கண்ணை எடுப்பது கொஞ்சம் சிரமமாக இருந்தது. எடுத்தபின் தெரிந்தது. ஜன்னலுக்குக் கீழே தடம், அப்படியே.

நீதிபதி எழுதிக்கொண்டே சொன்னார். "இந்தப் படம் இல்லாம இருந்திருந்தா, யார் அழிச்சா, யார் அழிக்கச் சொன்னான்னு நான் கேக்க வேண்டியிருக்கும். அதுக்குப் பதில் சொல்ல வேண்டியவங்க இன்னைக்கு வீட்டுக்குப் போயிருக்க மாட்டாங்க. எல்லாப் படத்தையும் ஏத்துக்கறேன்."

இன்ஸ்பெக்டர் எச்சிலை விழுங்கியது பவுடர் உட்கார்ந்திருந்த இடம்வரை கேட்டது.

வெளியே வந்ததும் அவர் நேராக ஜீப்புக்குப் போய் எஞ்சின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தார். எஞ்சினுக்கு ஒரு நோவும் இல்லை. படக்காரி கொஞ்சம் தள்ளி நின்றாள். போச்சு, அடுத்த வருடமும் ஒப்பந்தம்தான் என்று முடிவு கட்டிவிட்டாள். திட்டு விழட்டும், வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று காத்திருந்தாள்.

"யோவ் பவுடர்" என்றார் இன்ஸ்பெக்டர், தலையை நிமிர்த்தாமல். "நீ அழிச்சாச்சுன்னு சொன்ன."

"பாத்துக்கலாம்னுதான் சார் சொன்னேன். இப்ப எல்லாரும் பாத்துக்கிட்டாங்க."

"உன்னை அப்புறம் கவனிக்கிறேன்." பிறகு அவளைப் பார்த்தார். பார்வையில் கோபம் இருந்தது. ஆனால் நெருப்பிலிருந்து தப்பி வந்தவனின் அசதியும் இருந்தது. "அழிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"நீங்கதான் சொன்னீங்கன்னு நான் சொல்லியிருப்பேன் சார். சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்ல மாட்டேன்."

"முகத்துக்கு நேரா சொல்றா பாரு."

"முதுகுக்குப் பின்னாடி சொன்னா உங்களுக்குக் கேக்காதே சார்."

இன்ஸ்பெக்டர் ஜீப்பின் முன்சீட்டிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தார். சாட்சி முடிந்த கையோடு ஏதாவது முடிவு பண்ணலாமென்று தாளை அதில் வைத்துத்தான் கொண்டு வந்திருந்தார். என்ன முடிவு என்று அவருக்கே தெரிந்திருக்காது. பவுடரைத் திரும்பி நிற்கச் சொல்லி அவர் முதுகில் தாளை வைத்தார். எழுதினார். எழுத எழுதப் பவுடர் கூச்சத்தில் நெளிந்தார், கையெழுத்து ஒரு பக்கம் கோணிக்கொண்டு ஓடியது.

"சிபாரிசு பண்ணிட்டேன். நீயே கொண்டு போய்க் குடு. டீக்கறைக்கு நான் பொறுப்பில்ல."

அவள் வாங்கிப் பார்த்தாள். இரண்டு முறை படித்தாள். போனை எடுத்து அப்பாவுக்குப் போட்டாள்.

"அப்பா, கையெழுத்து ஆயிடுச்சு."

முதுகு நிமிராத அந்த மனிதர் எங்கிருந்து கொண்டு வந்தாரோ, கிடங்கின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குக் கூப்பிடும் குரலில், பக்கத்து வீடு, எதிர்வீடு எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கத்தினார்.

"எம்மவ நிரந்தரம் ஆயிட்டாய்யா. அந்த வாயப் பொளந்த இன்ஸ்பெக்டரே கையெழுத்துப் போட்டுட்டானாம். இனி என் முதுகுக்கு ஆஸ்பத்திரில கட்டில்தான்."

அவள் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள். தள்ளிப் பிடித்ததில் எல்லாருக்கும் இன்னும் நன்றாகக் கேட்டது. இன்ஸ்பெக்டர் மறுபடியும் எஞ்சினுக்குள் தலையை ஆழமாக விட்டுக்கொண்டார்.

"உங்கப்பாவை மெதுவா பேசச் சொல்லும்மா" என்றார் உள்ளேயிருந்து. "போலீஸ் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதணும், அவர் வயசு என்னன்னும் கேட்டு வை."